அடுத்த வருஷத் தேதியில் மடித்த மாத்திரைகள்

எங்கள் பக்கத்தில் எதையும் முன்கூட்டியே செய்து வைத்துவிடுவோம். தீபாவளிக்கு வெடிக்கப் போகிற வெடியைப் பொங்கல் முடிந்த கையோடு செய்ய ஆரம்பிப்போம். அடுத்த வருஷத்துக் காலண்டரை இந்த வருஷம் ஆடியிலேயே அச்சுக்கு ஏற்றிவிடுவோம். நான் திருத்தங்கலில் ஒரு காலண்டர் கம்பெனியில் தாள் அடுக்குகிற வேலை பார்த்தேன். ஜனவரி ஒன்று முதல் டிசம்பர் முப்பத்தொன்று வரை தினசரித் தாள்களைத் தேதி பிசகாமல் அடுக்கிக் கட்ட வேண்டும். ஊரெல்லாம் ஆவணியில் இருக்கும்போது என் கை மட்டும் பொங்கலைத் தாண்டி மாசியில் நிற்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கை. எங்களுக்கு இது பழக்கம். அதனால்தான் அம்மா செய்ததை இன்றுவரை என்னால் முட்டாள்தனம் என்று சொல்ல முடியவில்லை.

செல்போன் எங்கள் தெருவில் இரண்டே வீட்டில் இருந்த காலம். ஆமத்தூரில் குடியிருந்தோம். அப்பா பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரியில் டிரைவர். சீசன் தொடங்கிவிட்டால் பத்து நாளைக்கு ஒரு முறைதான் வீட்டில் முகம் காட்டுவார். அம்மா நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுவாள். சிவப்பு வெடிகளைத் திரியோடு திரி சேர்த்து ஜடை மாதிரி பின்னிக்கொண்டே போவாள். பேச்சு எங்கேயோ இருக்கும், கண் எங்கேயோ இருக்கும், விரல் மட்டும் தவறாது. அந்த விரல்களைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆடி மாதத்தில் ஒரு காலை. அம்மா கம்பெனி வேனுக்கும் நான் பஸ்ஸுக்குமாக ரோட்டில் நின்றோம். அம்மாவின் கையிலிருந்த தூக்குவாளி கீழே விழுந்து சோறெல்லாம் மண்ணில் கொட்டியது. "கண்ணு எங்க இருக்கு ஒனக்கு? நாலு மணிக்கு எந்திரிச்சு ஆக்குனது" என்று கத்தினேன். எனக்கு எப்போதும் கோபம் முன்னால் வரும், மற்றதெல்லாம் பின்னால்தான். அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வாய் ஒரு பக்கமாகப் போனது. வலது கால் மடங்கி என் மேலேயே சாய்ந்தாள். அவளுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் அவளிடம் பேசிய பேச்சு அதுதான்.

விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தோம். மூளையில் இடது பக்கம் ரத்தம் அடைத்துக்கொண்டது, அதனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன என்றார்கள். பேச்சு முதலில் குழறி, பிறகு தெளிந்தது. கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. கை மட்டும் வரவில்லை. வீட்டுக்கு வருகிற அன்று காலையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாக அசைந்தன. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வந்துரும் பிள்ள. ஒங் கலியாணத்துக்குள்ள வந்துரும்" என்றாள்.

என் கல்யாணம்தான் அப்போது பாதியில் நின்றது. நாரணாபுரத்து இடம். ஆனியிலேயே பேசி முடித்து, பூ வைக்க நாள் பார்த்திருந்த நேரத்தில் அம்மா விழுந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் மறுத்துச் சொல்லவில்லை. "ஒடம்பு தேறட்டும், பாப்போம்" என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் 'பாப்போம்' அம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. என்னைப் பெற்றவள் திருநீறு பூசி மணையில் உட்கார வைக்க வேண்டும், அதுவும் வலது கையால் பூச வேண்டும் என்பது அவளுடைய கணக்கு. இடது கையால் சோறு உண்ணக்கூட அவள் சம்மதிக்கவில்லை. நான்தான் ஊட்டிவிட்டேன்.

ஆவணிப் பிறப்புக்கு மறுநாள் டாக்டரிடம் திரும்பக் காட்டப் போனோம். மதுரையிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் வருகிற நரம்பு டாக்டர். நிதானமான மனிதர். ரத்தக்கொதிப்புக்கும், ரத்தம் உறையாமல் இருக்கவும் ஏற்கெனவே கொடுத்திருந்த மாத்திரைகளோடு புதிதாக ஒன்றை எழுதினார்.

"கைக்கு முக்கியம் பயிற்சிதாம்மா. இந்த மாத்திரை அதுக்குத் துணை. சிலருக்குக் கை கால் திரும்பி வர்றதுக்கு உதவுது. எல்லாருக்கும் உதவும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இந்த நோய் வந்தா மனசும் துவண்டு போகும். அதையும் இது தூக்கி நிறுத்தும். மனசு நின்னாத்தான் பயிற்சி நடக்கும். மொதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம். அதை விட்டுட்டா பிறகு புடிக்கிறது கஷ்டம்" என்றார்.

அம்மா வெளியே பெஞ்சில் இருந்தாள். இந்த மூன்று மாதப் பேச்சு என் காதில் மட்டும் விழுந்தது. நான் அவளிடம், "கை வர்றதுக்கு மாத்திரை குடுத்திருக்காக" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். விலாவாரியாகச் சொல்ல எனக்கு எங்கே பொறுமை.

ஊரில் மருந்துக் கடைக்கு ஆட்டோவிலேயே போனோம். அம்மா ஆட்டோவில் இருந்தாள். கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இது மனசு சரியில்லாதவுகளுக்குக் குடுக்குறதாச்சே. வீட்டுல யாருக்கு?" என்றார். அவர் மனதில் கெடுதல் ஒன்றும் இல்லை. குரல்தான் அப்படி. "டாக்டரு சும்மாவா எழுதுவாக, குடுங்க அண்ணாச்சி" என்று மூன்று மாதத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தேன். கடைக்கு இரண்டு வீடு தள்ளி மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட பெரியம்மா குடியிருந்தார். அது எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கு நினைவிருந்தது.

மறுநாளே கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். சீசன், ஆள் பற்றவில்லை. காலையில் ஏழு மணிக்கு நான் போனால் இரவுதான் திரும்புவேன். மற்ற மாத்திரைகளை இரவில் என் கையாலேயே கொடுத்துவிடலாம். புது மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும். எதிர்வீட்டு அத்தை வந்து இட்லி ஊட்டிவிட்டுப் போவார். அவருக்கு மாத்திரை, தேதி எதுவும் பிடிபடாது. அம்மாவால் ஒற்றைக் கையால் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுக்கவும் முடியாது. அதனால் ஒரு வழி செய்தேன். கம்பெனியில் அச்சு சரியாக விழாத தினசரித் தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். அப்போது அச்சில் ஓடிக்கொண்டிருந்தது ஜனவரி, பிப்ரவரி, மார்ச். ஒவ்வொரு தாளிலும் ஒரு மாத்திரையை வைத்து, தேதி வெளியே தெரிகிற மாதிரி சிறு பொட்டலமாக மடித்து, பிஸ்கட் டப்பாவில் வரிசையாக அடுக்கினேன்.

"ஒண்ணாந் தேதியில இருந்து ஒவ்வொண்ணா எடுத்துப் போடு. அப்பத்தான் தவறாது" என்றேன்.

மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் அம்மா. தாளை வாங்கிப் பார்த்தாள். "இது அடுத்த வருசத்துத் தேதியில்ல?"

"ஆமா, தேதியப் பாத்துத்தான் மாத்திரை வேலை செய்யுமாக்கும்" என்று கேலி செய்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

இரவு வந்து பார்த்தால் டப்பாவில் ஒரு பொட்டலம் குறைந்திருக்கும். மறுநாள் இன்னொன்று. எனக்குத் திருப்தி.

புரட்டாசியில் மாப்பிள்ளையின் அம்மா வீடு தேடி வந்தார். பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் வந்தார். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினார். பிறகு குரலைத் தணித்து, "மதினி, தப்பா நெனைக்காதீக. மனசுக்கு ஏதோ மாத்திரை திங்கிறீகளாமே? பொம்பளப் பிள்ளைக்குத் தாய்வழியா வந்துருமோன்னு வீட்டுல ஒரு பேச்சு" என்றார். நான் அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். வெளியே போய் டாக்டர் சொன்னதைச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அம்மாவின் குரல் கேட்டது.

"எங் குலசாமி மேல சத்தியமாச் சொல்றேன் மதினி. அந்த மாத்திரையில ஒண்ணு கூட என் தொண்டையில எறங்கல. எழுதிக் குடுத்தாக, வாங்குனோம். அம்புட்டுத்தான்."

குரலில் கொஞ்சமும் நடுக்கமில்லை. வந்தவர் முகம் தெளிந்துவிட்டது. கார்த்திகையில் நாள் குறித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. சாமிக்கு அவ்வளவு பயப்படுகிற அம்மா எனக்காகப் பொய்ச் சத்தியம் செய்துவிட்டாளே என்று நினைத்தேன். அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் குலசாமி கோயிலுக்குப் போனேன். சூடம் ஏற்றி, எங்கம்மா பொய் சொன்னதை மன்னிச்சிரு சாமி என்று விழுந்து கும்பிட்டேன். என்னுடைய கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

பயிற்சிக்கும் காலண்டரைத்தான் பயன்படுத்தினோம். விரலை விரிக்க வேண்டும், தாளைப் பிடிக்க வேண்டும், கிழிக்க வேண்டும். சுவரிலிருந்த நடப்பு வருஷக் காலண்டரை அம்மாவின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இறக்கி மாட்டினேன். ஆவணியில் தினமும் காலையில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அன்றைய தாளைப் பிடித்து இழுப்பாள். ஐந்து நிமிஷம் ஆகும். கிழிந்து வந்ததும் என்னைப் பார்ப்பாள். நான் கைதட்டுவேன். எதிர்வீட்டு அத்தையும் தட்டுவார். புரட்டாசியில் பாதித் தாள்தான் வந்தது. ஐப்பசியில் அவள் கையை நீட்டவே இல்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். டி.வி. போட்டால் அணைக்கச் சொல்வாள். அழவும் மாட்டாள். சாப்பாடு பாதியில் போதும் என்பாள். விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டே போய், கை ஒரு முட்டியாக இறுகிவிட்டது. நான் தினமும் அந்த விரல்களைப் பிரித்துத் துடைத்துவிடுவேன். விட்டவுடன் திரும்ப மூடிக்கொள்ளும்.

மனசு துவண்டு போகும் என்று டாக்டர் சொன்னது இதைத்தான் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. மாத்திரைதான் போடுகிறாளே, பிறகென்ன என்று நினைத்தேன். மூன்று மாதம் கரைந்துகொண்டிருக்கிறதே என்ற பயம் எனக்குள் வேறு மாதிரி வெளியே வந்தது. டாக்டரிடம் திரும்பக் காட்டுகிற நாளையும் தீபாவளி கழியட்டும், ஆர்டர் முடியட்டும் என்று நானே தள்ளிப் போட்டேன். அம்மாவைத் திட்டுவதற்கு மட்டும் எனக்கு நேரம் இருந்தது.

"ஒனக்கு ஒடம்பு வணங்கல. உக்காந்து திங்கிறது சொகமா இருக்கு" என்று ஒருநாள் சொன்னேன். இன்னொரு நாள், தீபாவளிக்கு முந்தின வாரம், பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த எரிச்சலில், "கையப் பழக்காமக் கெட. மண்டபத்துல ஊரு பாக்க எடது கையாலயே எனக்குத் துன்னூறு பூசு" என்றேன்.

அம்மா முட்டியாக இருந்த கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். நான் சொன்ன சொல் அது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, என் வாயிலிருந்துதான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போலிருக்கிறது.

கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. அப்பா புது வேட்டியில், அம்மா அரக்குப் பட்டில். மணையில் உட்காருவதற்கு முன்னால் அவர்கள் காலில் விழுந்தேன். அப்பா தட்டிலிருந்து திருநீறு எடுத்துப் பூசினார். அடுத்து அம்மா. அவளுடைய இடது கை தட்டு வரைக்கும் வந்தது. விரல் நுனி திருநீற்றில் பட்டது. பிறகு சுட்டுக்கொண்ட மாதிரி பின்னால் போய்விட்டது. "நீங்களே எனக்கும் சேத்துப் பூசி விடுங்க" என்றாள் அப்பாவிடம். அப்பா இரண்டாவது முறையும் பூசினார். எனக்கு அம்மாவின் மேல் வருத்தம். எந்தக் கையாக இருந்தால் என்ன, பூசித்தான் விட்டால் என்ன என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். போட்டோக்களில் அந்த மூஞ்சி அப்படியே விழுந்திருக்கிறது.

ஜனவரி ஒன்றாம் தேதி காலை நானும் அவரும் ஆமத்தூருக்கு வந்தோம். காலண்டர் வேலை முடிந்து எனக்கு ஓய்வு. லோடு இல்லாததால் அப்பாவும் வீட்டில்தான் இருந்தார். நான் கொண்டுவந்த புதுக் காலண்டரை ஆணியில் மாட்டிவிட்டு அவரும் அப்பாவும் டீக்கடைப் பக்கம் போனார்கள். அம்மா குளித்து, தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து நாலு மாதம் ஆகியிருந்தது.

"அந்தத் தூக்குவாளிய எடு" என்றாள்.

ரோட்டில் விழுந்து நசுங்கிய அதே தூக்குவாளி. அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை, கட்டிலுக்கடியில்தான் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். முட்டியான வலது கையால் அதை மடியோடு அழுத்திக்கொண்டு, இடது கையால் மூடியைத் திறந்தாள். உள்ளே பொட்டலங்கள். நான் மடித்த மடிப்பிலேயே, ஒன்றுகூடப் பிரிபடாமல், ஜனவரி தனியாக, பிப்ரவரி தனியாக, மார்ச் தனியாக நூல் போட்டுக் கட்டியிருந்தன. ஒற்றைக் கையாலும் பல்லாலும் போட்ட கட்டு. சரம் பின்னியவள் அல்லவா.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "ஏம்மா, இதெல்லாம் நீ திங்கவே இல்லையா?"

"சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லுவேனா பிள்ள?" என்றாள். சிரித்தாள். "அன்னைக்கே கடைக்காரரு சொல்லக் கேட்டுட்டேன். இதத் தின்னா ஒங் காரியம் கெட்டுப் போகும்னு தெரிஞ்சு போச்சு. ஒங்கிட்டச் சொன்னா நீ ஏசுவ. அதான் எடுத்து வச்சுட்டேன். கலியாணம் முடியட்டும், தேதியும் வரட்டும்னு இருந்தேன். இப்பத்தான் எல்லாம் முடிஞ்சிருச்சுல்ல. இனிமே யாரு கேக்கப் போறாக? இன்னைக்கி ஒண்ணாந் தேதி. தண்ணி குடு."

நான் தண்ணீர் எடுக்கப் போகவில்லை.

"ஒரு பிள்ளைக்குத் துன்னூறு பூசாம மணையில ஏத்திட்டேன். அது பாக்கி கெடக்கு. கை வரட்டும், ஒங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சுப் பூசி விடுறேன்" என்றாள்.

இப்படித்தான் நாங்கள் எல்லாரும் பிழைக்கிறோம். இப்போது செய்து மூட்டை கட்டி வைத்தால் வேண்டுகிற நாளில் பிரித்துக்கொள்ளலாம். வெடிக்கு அது சரி. காலண்டருக்கு அது சரி. கைக்கு அப்படி இல்லை என்று டாக்டர் என்னிடம் சொன்னார், நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியாது. அப்போதும் என் கல்யாணத்தைத்தான் பார்த்திருப்பாளோ என்னவோ.

"இரும்மா, டாக்டர ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றேன். அந்த வாரமே விருதுநகருக்குத் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இதைச் சாப்பிட்டிருந்தா கை வந்திருக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா. வந்திருக்காதுன்னும் சொல்ல முடியாது. இப்பக் குடுங்க, அவங்க மனசுக்கு நல்லது. அந்தக் கைக்கு மட்டும் இனி பெருசா எதிர்பார்க்காதீங்க. பழைய மாத்திரை வேண்டாம், புதுசா வாங்கிக்குங்க" என்றார். வந்திருக்குமா, வந்திருக்காதா என்பது தெரியாமலேயே போயிற்று. வந்திருக்காது என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, அம்மாவுக்குத் தெரியாமல் பொட்டலங்களைப் பிரித்துப் பழைய மாத்திரைகளை எடுத்துவிட்டேன். புதியவற்றை வைத்து அதே தேதித் தாளில், அதே மடிப்பில் மடித்தேன். கட்டியிருந்த நூலையும் அதே மாதிரி போட்டேன். அம்மா தினமும் காலையில் சுவரிலிருக்கிற தேதியைப் பார்ப்பாள், பொட்டலத்திலிருக்கிற தேதியைப் பார்ப்பாள், இரண்டும் ஒத்துப்போனால்தான் விழுங்குவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் நாரணாபுரத்திலிருந்து வந்துவிடுவேன். மாசியில் அவள் முகம் தெளிந்தது. டி.வி. பார்த்தாள். எதிர்வீட்டு அத்தையோடு வம்பு பேசினாள். முட்டிக் கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பழக்கினாள். மாத்திரை வேலை செய்தது. மனசு எழுந்து நின்றுவிட்டது. விரல்கள் மட்டும் விட்டவுடன் மூடிக்கொண்டன. ஐப்பசியில் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைச் சோம்பேறித்தனம் என்று நான் ஏசியதெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக என் தலையில் விழுந்தது.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி நான் போயிருந்தேன். கடைசிப் பொட்டலத்தை அவளே பிரித்து விழுங்கினாள். தாளை மடியில் நீவி வைத்தாள். வலது கையைத் தூக்கி என் நெற்றி வரைக்கும் கொண்டுவந்தாள். தோளிலிருந்து அவ்வளவு தூரம் அதைத் தூக்க முடிந்தது. முட்டி என் நெற்றியில் இடித்து நின்றது. விரல் திறக்கட்டும் என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம்.

கையைக் கீழே இறக்கிவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் நம்பிக்கை கொஞ்சமும் குறையவில்லை.

"மூணு மாசம் பத்தல போலருக்கு" என்றாள். "அடுத்த வருசக் காலண்டர எப்ப அடிப்பாக?"

"ஆடியிலதாம்மா" என்றேன்.